கண் அடங்கட்டும், மீனா

காரைக்குடி
புரட்டாசி

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளா, சந்தோஷம். ஆனால் "கண்புரை ஆபரேஷன் கால் மணி நேர வேலை, எங்க மாமியாரை மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், நீ ஏன் இழுத்தடிக்கிறாய்?" என்று கேட்டிருந்தாயே, அதற்குத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்க மாமியாருக்கு வந்தது வயசுப் புரை. எனக்கு யுவைட்டிஸ், கண்ணுக்குள் அழற்சி. வருஷக்கணக்காக வந்து வந்து போன அழற்சியும், அதை அடக்க விட்ட ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் சேர்ந்து கொடுத்த புரை இது. லென்ஸின் பின்பக்கம் படிந்திருப்பதால் வெளிச்சத்தில்தான் மோசம். வளவு முற்றத்தில் உச்சி வெயில் இறங்கும்போது எதிரே வருவது யாரென்று தெரியாது. சாயங்காலம் பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்தால் பேப்பர் தலைப்பைப் படித்துவிடுவேன்.

ஆபரேஷனுக்கு முன் குறைந்தது 3 மாதமாவது அழற்சி இல்லாமல் கண் அடங்கியிருக்க வேண்டும் என்கிறார் மதுரை டாக்டரம்மா. ஆடியில் ஒரு தடவை சிவந்துவிட்டது, கணக்கு மறுபடி முதலிலிருந்து. அடங்காத கண்ணில் கத்தி வைத்தால் அழற்சி இன்னும் கிளம்பும், விழித்திரை நடுவில் நீர் கோத்துக்கொள்ளும். புது லென்ஸ் வைத்தும் பார்வை தெளியாது. அதனால்தான் அழற்சியை அடக்க மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. வாரத்தில் ஒரே நாள்தான். மறந்துபோய் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எங்க வீட்டுக்காரவுக காலண்டரில் செவ்வாய்க்கிழமையெல்லாம் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

காரணம் தேடி காசநோய் டெஸ்ட், நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை. எலிக்காய்ச்சல்கூட இப்படிக் கண்ணில் வந்து நிற்குமாம். 1993 வெள்ளத்துக்குப் பிறகு மதுரைப் பக்கம் நிறையப் பேருக்கு அப்படித்தான் வந்ததாம்.

ஆபரேஷனும் லேசு இல்லை. என் கண்ணில் ஐரிஸ், அதாவது கண் பாப்பாவைச் சுற்றியிருக்கிற நிறத் திரை, போய் லென்ஸோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாப்பா விரிய மருந்து விட்டபோது மகள் செல்போனில் படம் எடுத்துக் காட்டினாள்: வட்டமாகவே இல்லை, ஓரமெல்லாம் பல் பல்லாக இருந்தது. முதலில் ஒட்டலைப் பிரித்து, சின்னச் சின்னக் கொக்கி மாட்டிப் பாப்பாவை விரித்துப் பிடித்துக்கொண்டுதான் புரையை எடுக்க வேண்டும். அதற்குச் சில நாள் முன்பே ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். எனக்குச் சர்க்கரை வேறு, அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். பக்கத்து வீட்டு ஆச்சி கண் சிவந்தால் போதும், சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் அதே ஸ்டீராய்டு சொட்டை வாங்கி விட்டுக்கொள்கிறார்கள். சத்தமில்லாமல் கண்ணழுத்தம் ஏறி நரம்பு போனால் அந்தப் பார்வை திரும்பாது. சொன்னால், "எனக்குச் சேருதுடி" என்கிறார்கள்.

தீபாவளிப் பலகார ஆர்டர் குவிந்துவிட்டது. பாகுப் பதத்தைக் கண்ணால் பார்க்க முடியாமல் விரலால் உருட்டித்தான் அதிரசத்துக்கு இறக்குகிறேன். இப்படியே அடங்கியிருந்தால் கார்த்திகையில் ஆபரேஷன். அப்புறம் கொஞ்ச நாள் அடுப்புப் பக்கமே போகக்கூடாதாம். நீ அந்த நேரம் வந்தால் கல்யாண ஆர்டருக்குத் தேன்குழல் பிழிய ஒரு கை கிடைக்கும். டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு.

உன்,
வள்ளி