நெவாத்திமிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் இங்கே சுகம். அம்மாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது? பணம் அனுப்பியிருக்கிறேன். தங்கச்சியின் ஃபீஸ் போக மீதியில் அம்மாவை டாக்டரிடம் காட்டுங்கள்.

"யூதர் நாடு திரும்பியதாக எஸ்றா புஸ்தகத்தில் வாசித்ததை நீ கண்ணால் பார்க்கிறாய்" என்று போனில் சொன்னீர்கள். அதற்குள் நான் கவனித்துக்கொள்ளும் அம்மச்சி கூப்பிட்டுவிட்டார்கள், பதில் சொல்ல முடியவில்லை. அது போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் இருக்கிற நெவாத்திம், இஸ்ரேலில் பெயெர்செபா பக்கத்தில் நெகேவ் பாலைவனத்துக்குள் இருக்கிறது. பக்கத்திலேயே விமானப்படைத் தளம் என்பதால் விமானம் எழும்பினால் ஜன்னல் அதிரும். இங்கே குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் கொச்சி யூதர்கள், அதாவது கேரளத்திலிருந்து வந்த யூதர்கள். அம்மச்சி கேரளத்துச் சேந்தமங்கலத்தில் பிறந்தவர்கள். எங்களுக்குள் மலையாளம்தான். "உன் மலையாளத்தில் தமிழ் வாசம்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். ஹீப்ரூ தெரியாமல் வந்த எனக்கு இது கர்த்தர் செய்த உதவி.

அப்பா, பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட யூதருக்கு பாரசீகத்துக் கோரேஸ் ராஜா கி.மு. 538-இல் "திரும்பிப் போங்கள்" என்று உத்தரவு கொடுத்தபோது எல்லா யூதரும் கிளம்பிவிடவில்லை. பாபிலோனில் வீடும் தொழிலுமாக வேர்விட்ட நிறைய பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். செருபாபேல் என்ற தலைவரோடு வந்தவர்கள் எருசலேமில் ஆலயத்தைக் கட்டினார்கள். அதையும் கி.பி. 70-இல் ரோமர் இடித்தார்கள். பிறகு 132-இல் பார் கோக்பா என்பவர் ரோமருக்கு எதிராகக் கலகம் செய்தார். அது 135-இல் ரத்தக்களரியாக முடிந்ததும், எருசலேமுக்குள் யூதர் காலடியே வைக்கக்கூடாது என்று ஆக்கினார்கள்.

அதன் பிறகும் ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்திருக்கிறார்கள். 1140-இல் யூதா ஹலேவி என்ற கவிஞர், நன்றாக வாழ்ந்த ஸ்பெயினை விட்டுக் கப்பலேறினார். ராம்பான் என்ற பெரிய ரபி 1267-இல் எருசலேமுக்கு வந்தபோது ஊர் பாழாய்க் கிடந்தது. அங்கே ஒரு ஜெப ஆலயத்தை ஏற்படுத்தினார். 1665-இல் துருக்கி ராஜ்யத்தில் சபத்தாய் சேவி என்ற யூதர் தன்னை மேசியா என்று அறிவித்தார். அதை நம்பி ஐரோப்பாவில் சிலர் சொத்தை விற்று மூட்டை கட்டி வைத்தார்கள். மறுவருஷம் சுல்தான் மிரட்டியதும் அவர் இஸ்லாமுக்கு மாறிவிட்டார். அந்தக் குடும்பங்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ரஷ்யாவில் அடியும் கொலையும் தாங்காமல் அங்கிருந்த யூதர் 1882-இல் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள். யூதருக்கென்று ஒரு நாடு வேண்டும் என்று 1897-இல் ஹெர்சல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மாநாடு கூட்டினார். ஹிட்லர் காலத்தில் ஓடி வர வேண்டியிருந்த நேரத்திலேயே, ஐந்து வருஷத்துக்கு 75,000 பேர்தான் என்று 1939-இல், அப்போது இந்த நாட்டை ஆண்ட ஆங்கிலேயர் கதவை ஒடுக்கினார்கள். மிச்சம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஆனால் அம்மச்சியின் ஜனங்களை யாரும் துரத்தவில்லை. போர்த்துகீசியர் செய்த கொடுமையைத் தவிர, கேரளத்தில் அவர்கள் பட்ட கஷ்டம் எல்லாரும் பட்ட கஷ்டம்தான். சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன் பாஸ்கர ரவிவர்மன் என்ற சேர அரசர், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குப் பல்லக்கும் குடையும் வரி விலக்கும் கொடுத்து வட்டெழுத்தில் செப்பேடு எழுதித் தந்தார். அப்படிப்பட்ட ஊரை விட்டு ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். "வருஷா வருஷம் பஸ்காவில் 'அடுத்த வருஷம் எருசலேமில்' என்று சொன்னோமே, சும்மாவா சொன்னோம்?" என்றார்கள். கொச்சியில் மேற்கே பார்த்து ஜெபித்தவர்கள் இங்கே வடக்கே பார்த்து ஜெபிக்கிறார்கள்.

கிளம்பியதும் லேசாக நடக்கவில்லை. 1948-இல் இஸ்ரேல் நாடு உருவான பிறகு, இனிப் போகலாம் என்று ஜெப ஆலயச் சொத்தையும் வீட்டையும் விற்றார்கள். அப்போது இங்குள்ள சுகாதாரத் துறை, கொச்சிக்காரர்களுக்கு யானைக்கால் நோய் இருக்கிறது, அது இங்கே பரவும் என்று தடுத்துவிட்டது. நம் ஊரிலும் ராத்திரியில் வந்து விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்களே, அதே நோய்தான். அந்தப் புழு ராத்திரியில்தான் ரத்தத்தில் தெரியும். பாலைவனத்தில் அது பரவாது என்று ஒரு வழியாகத் தெளிந்து, 1953-இலிருந்து 55-க்குள் பெரும்பாலோர் வந்து சேர்ந்தார்கள். விற்ற வீட்டுக்குள் வாடகைக்காரராகக் காத்திருந்ததை அம்மச்சி சொல்லும்போது, இப்போதும் அவர்கள் குரல் மாறிவிடும்.

வந்து இறங்கினால் ஆறு இல்லை, தென்னை இல்லை, கூடாரமும் புழுதியும்தான். அதில் கோழி வளர்த்து, பசுமைக்குடிலில் பூ வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பும் அளவுக்கு வந்திருக்கிறார்கள். நேற்று பஸ்காவுக்காக அரிசி பொறுக்கினோம். வெள்ளைத் துணி விரித்து, ஒரு மணி கோதுமைகூடக் கலந்திருக்கக் கூடாது என்று மூன்று தடவை பார்த்தோம். கண் தெரியாவிட்டாலும் அம்மச்சி விரலாலேயே தடவிப் பார்க்கிறார்கள். வாயில் பாட்டு. சீயோனைப் பற்றிய மலையாளப் பாட்டு, அவர்கள் அம்மாவின் கையெழுத்து நோட்டில் இருப்பது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுற்றிலும் பெதுயின் என்ற பாலைவன அரபுக்காரர்களின் தகரக் குடியிருப்புகள் இருக்கின்றன. பலவற்றுக்குக் கரண்டு கிடையாது. 1948 சண்டையில் ஏழு லட்சம் பாலஸ்தீனியர் வரை வீடிழந்தார்கள். மருந்துக் கடையில் வேலை செய்யும் அரபுப் பெண் ஒருத்தி என்னிடம் பிரியமாக இருப்பாள். தன் தாத்தாவின் கிணறு எங்கே இருந்தது என்று ஒரு நாள் கை நீட்டிக் காட்டினாள். சபையில் யாராவது "தீர்க்கதரிசனம் நிறைவேறிற்று" என்று பேசினால் இவளையும் நினைத்துக்கொள்ளுங்கள் அப்பா. அம்மச்சி ஏங்கிய ஏக்கம் உண்மை, இவள் இழந்ததும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

இவர்களுக்குத் திரும்பி வந்ததில் சந்தோஷமா என்று கேட்டீர்கள். அதையே அம்மச்சியிடம் கேட்டேன். "பிள்ளைகள் இங்கே, கல்லறையும் இங்கே, இதுதான் என் ஊர்" என்றார்கள். சற்று நேரம் கழித்து, சேந்தமங்கலத்து ஆற்றில் இப்போது தண்ணீர் எவ்வளவு இருக்கும் என்று கேட்டார்கள்.

அப்புறம், ஊரிலிருந்து ஆள் வருவதாகச் சொன்னீர்களே, அவரிடம் குடம்புளி அரைக் கிலோ கொடுத்தனுப்புங்கள். இங்கே கிடைப்பது அம்மச்சிக்குப் பிடிக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்