ஜெர்மனியிலும் பி.ஓ.பி. உண்டு, மாமா

மொய்ஸ்பாத், ஜெர்மனி
2024 ஜூன் 9

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். மாமிக்கு முழங்கால் வலி எப்படி? அனுப்பிய காசு கிடைத்ததென்று தங்கச்சி சொன்னாள். பாரம் ஏற்றிச் சமன்செய்கிற கார் ரேஸில் பெரிய கம்பனிகள் ஏன் ஓடுகின்றன என்று அன்றைக்கு போனில் நீங்கள் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. லயத்துப் பக்கம் சிக்னல் வந்து வந்து போனது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஊர். ஐஃபல் என்ற மலைப் பகுதி இது. தேயிலை இல்லை என்பதைத் தவிர, பனி இறங்கினால் நானுஓயாவேதான். காலையில் ஸ்டோர் கதவைத் திறந்தால் எதிர்க் கட்டடம் தெரியாது. பக்கத்திலேயே நியூர்புர்க்ரிங் கார் ஓட்டப்பாதை. பழைய பாதை மட்டும் 20.8 கிலோமீட்டர், காட்டுக்குள் நம்ம மலை ரோட்டைப் போல ஏறி இறங்கி வளையும். போன வாரம் அங்கே 24 மணி நேர ஓட்டம். சனிக்கிழமை நான்கு மணிக்குத் தொடங்கினார்கள், நள்ளிரவுக்கு முன்பே பனி மூடி நிறுத்திவிட்டார்கள். மறுநாள் பாதுகாப்பு காருக்குப் பின்னால் கொஞ்சம் ஊர்ந்ததோடு சரி. மொத்தம் 50 சுற்று, அந்த ஓட்டத்தின் சரித்திரத்திலேயே மிகக் குறைவு. தோட்டத்துக் கணக்கில் சொன்னால், டிக்கெட் எடுத்து வந்தவர்களுக்கு அரை நாள் பேர்கூட விழவில்லை.

நான் வேலை செய்வது ஒரு ரேஸ் டீமின் ஸ்டோரில். பிரேக் பேட், வீல் நட், உடைந்த பம்பருக்கு மாற்று என்று எண்ணி எண்ணிப் பெட்டியில் போடுவேன். சேர்ந்த முதல் வாரம் மேசைக்கு மேசை 'பி.ஓ.பி., பி.ஓ.பி.' என்று ஒரே சண்டை. பி.ஓ.பி. என்றால் நம்ம பெக்டரித் தேயிலைத் தூள் ரகம்தானே, அதைப் பற்றி இவர்களுக்கு என்ன இவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, நீங்கள் திட்டினீர்களே, அந்த எடை ஏற்றுகிற விவகாரத்துக்குத்தான் இங்கே அந்தப் பெயர். பெலன்ஸ் ஒஃப் பெர்ஃபோமன்ஸ், கார்களின் திறனைச் சமன்செய்யும் விதி.

'ஜெயிக்கிற காருக்குப் பாரம் ஏற்றுவதெல்லாம் ஒரு ரேஸா, பெரிய கம்பனி என்றால் ஃபோர்முலா வன்னுக்குப் போகவேண்டியதுதானே' என்றீர்கள். ஏப்ரல் சீசனில் நுவரெலியா குதிரைப் பந்தயத்துக்கு என்னைத் தோளில் தூக்கிப்போனது நீங்கள்தானே மாமா? நல்ல குதிரைக்குச் சேணத்தில் ஈயம் வைப்பார்கள் என்று சொல்லிக் கொடுத்ததும் நீங்கள்தான். இதுவும் அதுதான். ஒரு வித்தியாசம், இங்கே பாரம் தனிக் குதிரைக்கு இல்லை, இனத்துக்கு. இந்த மொடல் கார் எல்லாவற்றுக்கும் இவ்வளவு எடை, எஞ்சினுக்கு இவ்வளவு காற்று என்று அமைப்பாளர்கள் தாளில் எழுதிக் கொடுப்பார்கள். ஏற்ற வேண்டிய எடைக்குக் கனத்த தகட்டைக் காரின் தரையில் போல்ட் போட்டு முடுக்குவார்கள். ஸ்டோரிலிருந்து தூக்கிக்கொண்டு போனால் விரல் நசுங்கும், சின்னதாக இருந்தாலும் அப்படி ஒரு கனம்.

நம்ம மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயத்தில் எஞ்சின் சி.சி. பார்த்து வகுப்பு பிரிப்பார்கள். ஷோரூம் காரை ரேஸுக்கு மாற்றி ஓட்டும் ஜி.டி.3 வகுப்பில் தலைகீழ். பி.எம்.டபிள்யூ எம்4இல் 3 லீட்டர் டர்போ, மெர்சிடிஸில் முன்பக்கம் 6.2 லீட்டர் வி8, போர்ஷே 911இல் பின்பக்கம் ஆறு சிலிண்டர். மூன்றும் ஒரே கோட்டில் நின்று ஓடும். இந்த வகுப்பில் கம்பனி புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துக் கோடிகளைக் கொட்டினாலும் அந்தத் தாள் வந்து சமன் செய்துவிடும். அதனால் யாரும் கொட்டுவதில்லை. ஷோரூமில் நிற்கும் காரின் முகத்தோடேயே ஓடலாம், தோற்றாலும் பெரிதாக மானம் போகாது.

இதைவிடப் பெரிய காரணம் காசு. போர்ஷேயின் ஜி.டி.3 ரேஸ் காருக்கு 2022இல் அவர்கள் சொன்ன விலை வரி சேர்க்காமல் 567,000 யூரோ. நம்ம இலங்கைக் காசில் 18 கோடிக்கு மேல். அதைக் கம்பனி ஓட்டிச் செலவழிப்பதில்லை, எங்கள் முதலாளி மாதிரி ஆட்களுக்கு விற்கிறது. பிறகு ஒவ்வொரு கதவுக்கும் கண்ணாடிக்கும் பில் வரும். பில்லைப் பிரிக்கிறவன் நான், எனக்குத் தெரியாதா? ஸ்டெஃபான் ரத்தெல் என்ற பிரெஞ்சுக்காரர் 2006இல் இந்த வகுப்பைத் தொடங்கியதே தனி ஆட்கள் வாங்கி ஓட்டுவதற்காகத்தான்.

போன வாரம் வென்றது ஓர் ஆவுடி ஆர்8. ஆவுடி அந்தக் காரைச் செய்வதையே இந்த வருடம் நிறுத்திவிட்டது. ஆனாலும் வாங்கி வைத்திருக்கும் டீம் ஓட்டியது, ஜெயித்தது. இதே ஆவுடி, பிரான்ஸின் லெ மான் 24 மணி நேர ஓட்டத்தின் மேல் வகுப்பில் சொந்தச் செலவில் ஓடியது. 2016இல் போதும் என்றார்கள், அத்தோடு அந்தக் கார்கள் மியூசியத்துக்கு. மறு வருடம் போர்ஷேயும் கிளம்ப, டொயோட்டா கிட்டத்தட்டத் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் விதியை மலிவாக்கினார்கள். இப்போது அடிச்சட்டத்தை வெளியே வாங்கி, எல்லோருக்கும் பொதுவான ஹைபிரிட் பாகத்தைப் பூட்டியும் மேல் வகுப்பில் ஓடலாம். 2023இல் போர்ஷே வந்தது அந்த வழி. ஃபெராரி தன் காரைத் தானே வடிவமைத்தது, 50 வருடம் கழித்து 2023இல் மேல் வகுப்புக்குத் திரும்பி அந்த முறையே லெ மானை வென்றது. வாங்கிய அடிச்சட்டத்தின் மேல் தன் குதிரைச் சின்னத்தை ஒட்ட அவர்களுக்கு மனம் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை மறுபடி லெ மான். கம்பனிகளே காசைக் கொட்டி ஓடிய பழைய ஜி.டி. வகுப்பை எடுத்துவிட்டு, அங்கேயும் இந்த ஜி.டி.3ஐக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒன்பது கம்பனிகளின் கார்கள். தங்கச்சியின் போனில் பாருங்கள், ராத்திரி முழுக்க ஓடும்.

பழைய பி.ஓ.பி. தாள் ஒன்றை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். மொழி புரியாவிட்டாலும் கிலோ கணக்கு உங்களுக்குப் புரியும். பதிலுக்கு நம்ம பெக்டரி பி.ஓ.பி. ஒரு கிலோ யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள். இங்கே கடையில் பைக்குள் தொங்கவிட்டுத் தருவதற்குத் தேயிலை என்றுதான் பெயர் போட்டிருக்கிறான்.

உங்கள் மருமகன்,
சிவா