மெனுப் பெயர் தெரிகிறது, வேலை தெரியவில்லை: கணினிப் பயிற்சி நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்
கணினிப் பயன்பாட்டியல் துறை ஆசிரியர்கள்,
கலை அறிவியல் கல்லூரி,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
கணினிப் பயிற்சி நிறுவனம்.

பொருள்: முதலாண்டு மாணவர்களுக்கான அடிப்படைக் கணினி, அலுவலக மென்பொருள் பயிற்சியில் உள்ள குறைபாடுகள் – செய்முறைப் பயிற்சியை மீண்டும் நடத்தித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பயிற்சி முடிந்துவிட்டது என்று சான்றிதழ்களை அனுப்பிவிட்டு, கடைசித் தவணையைக் கேட்டு எழுதியிருந்தீர்கள். அந்தத் தவணையை நிறுத்தி வைக்கும்படி கல்லூரி முதல்வரிடம் பரிந்துரைத்தது நாங்கள்தான். காரணங்களை உங்கள் பயிற்சித் தரப் பிரிவுக்கும் புரியும்படி விவரமாக எழுதுகிறோம்.

உங்கள் சான்றிதழ் பெற்ற ஒரு மாணவரைக் கணினி முன் உட்காரவைத்து, தமிழில் ஒரு விண்ணப்பம் அடித்து ஏ4 தாளில் எடுத்துத் தரச் சொன்னால் பெரும்பாலோரால் முடியவில்லை. ஒரு பட்டியலில் தேதியையும் தொகையையும் உள்ளிட்டுக் கூட்டித் தரச் சொன்னாலும் தடுமாறுகிறார்கள். ஆனால் சேமிப்பதற்கு எந்த விசை, எழுத்தைத் தடிப்பாக்க எந்தப் பொத்தான் என்று கேட்டால் உடனே சொல்கிறார்கள். நீங்கள் வைத்த தேர்வு முழுவதும் இந்த மாதிரிக் கொள்குறி வினாக்கள். தேர்வு எப்படியோ பயிற்சியும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

முதலில் பாடப்பொருள். நீங்கள் கொடுத்த அச்சுக் கையேடு ஆஃபிஸ் 2007-க்கு எழுதப்பட்டது. இடது மூலையில் உள்ள வட்டமான ஆஃபிஸ் பொத்தானை அழுத்தச் சொல்கிறது. 2010 பதிப்பிலேயே அது போய், ஃபைல் என்ற தாவல் வந்துவிட்டது. எங்கள் ஆய்வகத்தில் இருப்பது 2019. உங்கள் காணொளிப் பாடங்களோ மைக்ரோசாஃப்ட் 365-ஐக் காட்டுகின்றன. காணொளியைப் பார்த்து மாணவர்கள், பட்டியலில் தேடி எடுத்துத் தரும் எக்ஸ்லுக்அப் சூத்திரத்தை அடித்தார்கள். 'நேம்' பிழை வந்தது. அந்தச் சூத்திரம் 2019-இல் கிடையாது, 2021-இல்தான் வந்தது. தாங்கள் தப்பாக அடித்துவிட்டதாக நினைத்துத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்த பிள்ளைகளுக்கு, பதிப்பு வேறு என்று சொல்லக்கூட உங்கள் பயிற்றுநருக்குத் தெரியவில்லை. வகுப்பு தொடங்கும் முன் ஆய்வகத்தில் என்ன பதிப்பு இருக்கிறது என்று ஒரு முறை பார்த்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

இரண்டாவது, கணினி அமைப்பு. ஆய்வகத்தை நிறுவித் தந்ததும் நீங்கள்தான். எல்லாக் கணினிகளிலும் விண்டோஸின் வட்டார அமைப்பை அமெரிக்க ஆங்கிலமாகவே விட்டுவிட்டீர்கள். இந்த ஒரு கவனக்குறைவால் எத்தனை வேலை கெடுகிறது என்று பாருங்கள்.

இந்தக் கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு மீன்பிடித் தடைக்காலம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். இதை எக்செலில் போட்டுப் பார்க்கச் சொன்னோம். அமெரிக்க அமைப்பில் மாதம் முதலில் வர வேண்டும். 15/04/2025 என்று அடித்தால் பதினைந்தாவது மாதம் இல்லாததால் எக்செல் அதைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக, கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி வைக்கிறது. 14/06/2025-க்கும் அதே கதி. கழித்தால் 'வேல்யூ' பிழை. இது பரவாயில்லை, பிழை கண்ணுக்குத் தெரிகிறது. 05/04/2025 என்று ஏப்ரல் 5-ஐ அடித்தால், சத்தமில்லாமல் மே 4 ஆகிவிடும். யாருக்கும் தெரியாது. ஒரே பத்தியில் (மேலிருந்து கீழாக வரும் கட்ட வரிசையில்) பாதித் தேதி எழுத்தாகவும் பாதித் தேதி மாதம் மாறியும் கிடந்தால் அந்தப் பட்டியலை வரிசைப்படுத்தவே முடியாது. இது போதாதென்று, நம் அலுவலகங்களில் தேதியைப் புள்ளி வைத்து 15.04.2025 என்று எழுதுவது வழக்கம். எக்செல் அதையும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும்.

தீர்வு கடினமில்லை. கன்ட்ரோல் பேனலில் ரீஜியன் பகுதிக்குப் போய் 'இங்கிலீஷ் (இந்தியா)' என்று மாற்ற வேண்டும். ஏற்கெனவே எழுத்தாகக் கிடக்கும் பத்தியைத் தேர்ந்து, டேட்டா தாவலில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' எடுத்து, மூன்றாம் படியில் தேதி வகையாக நாள்-மாதம்-ஆண்டு வரிசையைக் கொடுத்தால் தேதியாகிவிடும். ஆனால் மாதம் மாறிப் பதிவான தேதிகளை இந்த வழி திருத்தாது. மூலத் தாளை வைத்துக்கொண்டு கையால்தான் திருத்த வேண்டும். அதனால்தான் அமைப்பை முதல் நாளே மாற்ற வேண்டும் என்கிறோம். அமைப்பைச் சரிசெய்த பிறகும், கழித்தால் 60 என்றுதான் வரும். தொடங்கும் நாளையும் சேர்க்க ஒன்று கூட்டினால்தான் 61. கூலி, வாடகை, விடுப்பு எல்லாவற்றிலும் இந்த ஒன்று விடுபடும். உங்கள் பாடத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அதே வட்டார அமைப்பால்தான் தொகையும் 12,34,567 என்று வராமல் 1,234,567 என்று வருகிறது. வேர்டில் புதிய கோப்பு 'லெட்டர்' தாளில் திறப்பதும் பெரும்பாலும் இதனால்தான். லெட்டர் 216 × 279 மில்லிமீட்டர், ஏ4 210 × 297. திரையில் வித்தியாசம் தெரியாது. அச்சுக்குக் கொடுத்தால் ஓரம் வெட்டுப்படும், அல்லது பிரின்டர் லெட்டர் தாள் கேட்டு நின்றுவிடும். அப்படி நின்றபோது உங்கள் பயிற்றுநர் பிரின்டரை அணைத்து அணைத்துப் போட்டார். லேஅவுட் தாவலில் சைஸ் ஏ4 என்று மாற்றி, பேஜ் செட்டப் பெட்டியில் 'செட் அஸ் டிஃபால்ட்' கொடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும்.

எண்களைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை சொல்லித் தரப்படவில்லை. எங்கள் மாணவர்கள் பலர் படிப்பு முடித்ததும் போகும் இடம் இ-சேவை மையம், கூட்டுறவுச் சங்கம், மீன் ஏற்றுமதிக் கம்பெனி. அங்கே அன்றாடம் அடிப்பது ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும். 12 இலக்க ஆதாரை அப்படியே அடித்தால் எக்செல் அதைச் சுருக்கி, நடுவில் 'இ' போட்டுக் காட்டும். அது காட்சிப் பிழை மட்டும்தான், எண் உள்ளே பத்திரமாக இருக்கும். ஆனால் எக்செல் 15 இலக்கம் வரைதான் எண்ணைச் சரியாக வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் சுழியாகிவிடும். முன்னால் சுழியோடு தொடங்கும் எண்ணில் அந்தச் சுழி காணாமல் போகும். போனது போனதுதான், பிறகு வடிவத்தை மாற்றினால் திரும்பி வராது. அடிக்கும் முன்பே பத்தி முழுவதையும் 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்ற வேண்டும். ஒருவருடைய உதவித்தொகை இன்னொருவர் கணக்குக்குப் போகவோ, போகாமல் திரும்பவோ இந்த ஒரு தவறு போதும்.

ஒரு பெயரைப் பட்டியலில் தேடி அதற்குரிய விலையை எடுத்துத் தரும் வி-லுக்அப் சூத்திரத்தின் பாடமும் பாதியில் நின்றிருக்கிறது. சூத்திரத்தின் நான்காவது பகுதியை எழுதாமல் விடலாம் என்று உங்கள் கையேடு சொல்கிறது. விட்டால் எக்செல் தோராயப் பொருத்தம் தேடும். பட்டியல் அகர வரிசையில் இல்லையென்றால் தப்பான விலையை எந்தப் பிழையும் காட்டாமல் எடுத்துத் தரும். நெத்திலி, சீலா, காரல், பாரை என்று கருவாட்டு விலைப்பட்டியல் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள், நெத்திலிக்கு வேறு மீனின் விலை வந்து நிற்கும். 'ஃபால்ஸ்' என்று எழுதுவது கட்டாயம். பட்டியலின் எல்லையை எஃப்4 அழுத்தி டாலர் குறியால் பூட்டாமல் சூத்திரத்தைக் கீழே இழுத்தால் எல்லையும் சேர்ந்து இறங்கும். மேல் வரிசையில் உள்ள மீன்கள் 'கிடைக்கவில்லை' ஆகிவிடும். மடிக்கணினிகள் பலவற்றில் எஃப்4-க்கு எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். உங்கள் பயிற்சிக் கோப்பில் இருந்ததோ அமெரிக்க மாநிலங்களின் டாலர் விற்பனை. எந்த விலை தப்பு என்று மாணவர்களால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? நெத்திலி விலை அவர்களுக்கு மனப்பாடம். தெரிந்த பொருளை வைத்துக் கற்றால்தான் தப்பு கண்ணில் படும்.

தமிழ்த் தட்டச்சு எங்களுக்கு மிகவும் மனவருத்தம் தந்த பகுதி. ஒப்பந்தத்தில் 'தமிழ்த் தட்டச்சு' என்று இருக்கிறது. நீங்கள் கற்றுக்கொடுத்தது பாமினி எழுத்துரு. அதில் அடிப்பது திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத குப்பை. மின்னஞ்சலில் ஒட்ட முடியாது, இணையப் படிவத்தில் நிரப்ப முடியாது, தேட முடியாது, அகர வரிசைப்படுத்தவும் முடியாது. தமிழ்நாடு அரசு 2010-லேயே, எல்லாக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே வைக்கும் யூனிகோடு குறியீட்டைத் தரமாக ஏற்று ஆணை பிறப்பித்தது. விண்டோஸ் 11-இல் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99 விசைப்பலகை கிடைக்கிறது. தனி மென்பொருள் வேண்டாம், நிர்மலா எழுத்துருவும் உடன் இருக்கிறது. உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கு விசை. புள்ளி தானாக விழும். தினம் அரை மணி அடித்தால் சில வாரங்களில் கை பழகிவிடும்.

கடித இணைப்பு, அதாவது ஒரே கடிதத்தைப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவர் பெயருக்கும் தயாரிக்கும் மெயில் மெர்ஜ், ஒரே வகுப்பில் காட்டி முடிக்கப்பட்டது. எக்செல் தேதி வேர்டுக்கு வரும்போது மீண்டும் அமெரிக்க வரிசைக்கு மாறிவிடும் என்பது சொல்லப்படவில்லை. ஆல்ட்+எஃப்9 அழுத்திப் புலக் குறியீட்டைத் திறந்து, \@ போட்டு, மேற்கோள் குறிக்குள் நாள்-மாதம்-ஆண்டு வடிவத்தை எழுத வேண்டும். மாதத்துக்கான 'எம்' பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். சிறிய எழுத்துப் போட்டால் அது நிமிடத்தைக் குறிக்கும். அடுத்த பக்கம் போக என்டரைத் தட்டிக்கொண்டே போவது, நேராக்க ஸ்பேஸ்பாரை அழுத்துவது ஆகிய பழக்கங்களையும் உங்கள் பயிற்றுநர் திருத்தவில்லை, தானும் அப்படித்தான் செய்தார். ஆய்வேட்டுக்கு ஹெடிங் ஸ்டைல், தானாக வரும் உள்ளடக்கப் பட்டியல், புதிய பக்கத்துக்கான கன்ட்ரோல்+என்டர், பகுதி பிரிக்கும் செக்ஷன் பிரேக் எதுவும் தொடப்படவில்லை.

பராமரிப்பும் உங்கள் பொறுப்பில்தான் இருந்தது. கடற்காற்றின் உப்பும் ஈரமும் ரேம் தொடுமுனைகளையும் விசிறிகளையும் சீக்கிரம் அரிக்கும் என்பது இங்கே தொழில் செய்கிற எல்லோருக்கும் தெரியும். பருவம் தவறாமல் சுத்தம் செய்ய வந்ததாகப் பதிவேட்டில் கையெழுத்து இல்லை. பல கணினிகளில் மதர்போர்டின் 3 வோல்ட் காசு பேட்டரி தீர்ந்து, தேதி பழைய ஆண்டுக்குப் போயிருந்தது. தேதி தப்பானால் பாதுகாப்புச் சான்று காலம் பொருந்தாமல் உலாவி இணையதளங்களைத் திறக்காது. உங்கள் ஆட்கள் இணைய இணைப்பு சரியில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். மாற்ற வேண்டியது சிஆர்2032 பேட்டரி ஒன்று. பிறகு கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் தேதியைச் சரிசெய்ய வேண்டும். எர்த் குழாயும் துருப்பிடித்திருக்கிறது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் மல்டிமீட்டர் 2, 3 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. அதையும் அளந்து எழுதித் தாருங்கள்.

எங்கள் கோரிக்கைகள்:

செய்முறை வகுப்புகளை முழுமையாக மீண்டும் நடத்த வேண்டும். ஒரு கணினிக்கு ஒரு மாணவர். மூன்று பேரை ஒரு கணினியில் உட்காரவைத்தால் விசைப்பலகை யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் கற்கிறார். பெரும்பாலும் பெண் பிள்ளைகள் பின்னால் நின்று பார்க்கிறார்கள். வகுப்புகள் கல்லூரி நேரத்துக்குள் இருக்க வேண்டும். வாலிநோக்கம், மூக்கையூர், பெரியபட்டினம் பக்கமிருந்து வருகிறவர்கள் பேருந்தை விட்டால் ஊர் போய்ச் சேர இருட்டிவிடும்.

கையேடு ஆய்வகத்தின் பதிப்புக்குப் பொருந்த வேண்டும். ஆஃபிஸ் 2019-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், லிப்ரே ஆஃபிஸும் சேர்த்து நிறுவிக் கற்றுத் தாருங்கள். அது இலவசம், வீட்டில் பழைய மடிக்கணினி வைத்திருக்கும் பிள்ளைகளும் போட்டுக்கொள்ளலாம்.

தேர்வில் கொள்குறி வினா வேண்டாம். மாணவர் 2 மணி நேரத்தில் மூன்று கோப்பு உருவாக்கித் தர வேண்டும்: யூனிகோடுத் தமிழில் ஏ4 அளவில் ஒரு விண்ணப்பம், தேதி, ஆதார் எண், தொகை உள்ள பட்டியலும் அதிலிருந்து வி-லுக்அப்பும், அந்தப் பட்டியலைக் கொண்டு கடித இணைப்பில் பத்துக் கடிதங்கள். திருத்தும்போது எங்கள் துறை ஆசிரியர் ஒருவர் உடனிருப்பார்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். அரசுப் பணியில் தட்டச்சராகச் சேர்பவர்களுக்கு அலுவலகத் தானியக்கச் (ஆஃபிஸ் ஆட்டோமேஷன்) சான்றிதழ் தேவை. அதற்குத் தயாராகும் மாணவர்கள் உங்கள் பயிற்சியை நம்பி வேறு வகுப்பில் சேராமல் இருந்தார்கள். அவர்களுக்குத் தனியாகக் கூடுதல் வகுப்பு தர வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் கால அட்டவணையோடு எழுத்தில் பதில் அனுப்புங்கள். பயிற்சி ஒழுங்காக நடந்து முடிந்ததும் கடைசித் தவணை முழுமையாகத் தரப்படும், அதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை. பதில் வராவிட்டால், கட்டணம் செலுத்திய மாணவர்கள் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவார்கள். புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிட அந்தச் சட்டம் இடம் தருகிறது.

இணைப்புகள்: ஒப்பந்தத்தின் நகல், உங்கள் கையேட்டின் தொடர்புடைய பக்கங்கள், பிழை காட்டும் திரைப்பிடிப்புகள் (ஸ்கிரீன்ஷாட்), பராமரிப்புப் பதிவேட்டின் நகல்.

இப்படிக்கு,
கணினிப் பயன்பாட்டியல் துறை ஆசிரியர்கள்

நகல்: கல்லூரி முதல்வர்