2025-இல் பிடித்த ஆல்பங்கள்: புதனுக்குள் பட்டியல் தேவை

வணக்கம் உறவுகளே. நம் ஆல்பம் கேட்கும் மாலை 13 டிசம்பர் 2025, சனிக்கிழமை, மாலை 5.00 மணிக்கு. இடம்: கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ், நம் அடுக்குமாடியின் கீழ்த்தள மண்டபம். இம்முறை முதலிடம் பெண் இசைக்கலைஞர்களுக்கு.

1. ஆளுக்கு 5 ஆல்பம், பிடித்த வரிசையில். முதலாவதுக்கு 5 புள்ளி, கடைசிக்கு 1. குறைந்தது 3 பெண்களுடையதாக இருக்கட்டும்.

2. இவ்வாண்டு வெளியானவை மட்டும். கானவ்யாவின் ‘நிலம்’, ரொசாலியாவின் ‘லக்ஸ்’ சேரும். அரூஜ் அஃப்தாபின் ‘நைட் ரெய்ன்’ அருமையான ஆல்பம்தான், ஆனால் 2024 மே மாதமே வந்துவிட்டது.

3. கலைஞர் பெயர், ஆல்பம் பெயர் இரண்டும் வேண்டும். பாட்டின் பெயர் மட்டும் போதாது.

4. மண்டபத்தில் ஒலிக்க ஒரு பாடலின் இணைப்பு அனுப்புங்கள். ஸ்பீக்கரில் ஓடவிட்டுக் குரல்பதிவாகப் போடாதீர்கள். புலனம் (வாட்ஸ்அப்) ஒலியைச் சுருக்கிவிடும்; பாடகியின் மூச்சும் தந்தியின் அதிர்வும்தான் முதலில் காணாமல் போகும்.

5. ‘லக்ஸ்’ நான்கு பாகங்களாக அமைந்தது. ஷஃபிளை அணைத்து, முதலிலிருந்து வரிசையாகக் கேட்ட பிறகே புள்ளி போடுங்கள்.

6. கைப்பேசியிலிருந்து ஒலிக்க விரும்புவோர் பாடலை முன்பே பதிவிறக்கி, விமான முறையில் வைத்து, கைப்பேசியை ஸ்பீக்கரில் இணைக்க 3.5 மி.மீ. ஒலிக்கம்பி கொண்டு வாருங்கள். இடையில் அழைப்பு வந்தால் பாட்டு நின்றுவிடும்.

பட்டியலை 10 டிசம்பர், புதன் இரவு 9.00 மணிக்குள் இங்கேயே போடுங்கள். வருபவர்கள் ‘வருகிறேன்’ என்றும் எத்தனை பேர் என்றும் எழுதுங்கள், கறிபாப் பலகாரத்துக்குச் சொல்லி வைக்க வேண்டும்.