எங்கள் பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் குளத்தில் ஒரு லேன் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ கடலில் குளிக்கப் போனவர்கள் அலையில் சிக்கி இறந்தால் மறுநாளே உங்கள் பத்திரிகையில் செய்தி வந்துவிடுகிறது. வரத்தான் வேண்டும். ஆனால் தண்ணீரில் தத்தளிக்கிற ஆளை இழுத்துக் கரைசேர்ப்பதையே பந்தயமாக வைத்த ‘லைஃப்சேவிங்’ என்ற உயிர்காப்பு விளையாட்டில், உலக அளவில் பெண்கள் நீச்சல் குளத்தில் போட்டி போடுகிறார்களே, அதைப் பற்றி விளையாட்டுப் பக்கத்தில் ஒரு வரிகூட நான் படித்ததில்லை.

பத்தாவது படிக்கிற என் மகள் காட்டிய வீடியோவில்தான் முதலில் பார்த்தேன். 50 மீட்டர் பந்தயம். முதல் 25 மீட்டர் வேகமாக நீந்திப் போகிறார்கள், அங்கே அடியில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பொம்மை ஒன்று கிடக்கிறது, இடுப்புக்கு மேலே உள்ள மனித உடம்பு மாதிரி. முங்கி அதைத் தூக்கி, 5 மீட்டருக்குள் மேலே வந்து, ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டு மிச்சமிருக்கும் ஒரு கையையும் காலையும் வைத்தே சுவரைத் தொட வேண்டும். முன்னணிப் பெண்கள் இதை 35 நொடிக்குள் முடிக்கிறார்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே மூச்சு முட்டியது.

அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். 200 மீட்டர் போட்டியில் தண்ணீருக்குள் 70 செ.மீ. தொங்கும் தடுப்புகளுக்கு அடியில் எட்டு முறை புகுந்து வர வேண்டும். ‘மெட்லி’ என்ற 100 மீட்டர் கலப்புப் போட்டியில் 50 மீட்டர் நீந்தித் திரும்பியதும், அந்தக் களைப்போடு உள்நீச்சலிலேயே போய் பொம்மையை எடுக்க வேண்டும். பெண்களுக்கு அந்தத் தூரம் 12.5 மீட்டர், ஆண்களுக்கு 17.5. பொம்மை மட்டும் இருவருக்கும் ஒன்றுதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கயிறு எறியும் போட்டி. கரையில் நிற்கும் பெண், சுமார் 12 மீட்டர் தள்ளித் தண்ணீரில் இருக்கும் தோழிக்குக் கயிற்றை வீசி, 45 நொடிக்குள் இழுத்துக் கரைசேர்க்க வேண்டும். வீசுகிறவள் தண்ணீரில் இறங்குவதே இல்லை. எங்கள் கரை நெடுக அரிப்பைத் தடுக்கப் பாறை கொட்டியிருக்கிறார்கள், ஒருவர் விழுந்தால் பார்க்கிறவர் யோசிக்காமல் குதிக்கிறார், ‘காப்பாற்றப் போனவரும் பலி’ என்று செய்தி வருகிறது. குதிக்காமலும் காப்பாற்றலாம் என்பதை ஒரு விளையாட்டு சொல்லித் தருகிறதென்றால் அது முதலில் வர வேண்டிய இடம் காசிமேடும் எண்ணூரும்தான்.

1985 முதல் ‘வேர்ல்ட் கேம்ஸ்’ என்ற உலக விளையாட்டுப் போட்டிகளில் இந்த விளையாட்டு இருக்கிறது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இதற்கென்றே உலக சாம்பியன்ஷிப் நடக்கிறது. இங்கே என்ன நிலைமை? நாங்கள் போகும் குளத்தில் பெண்களுக்கு ஒதுக்கிய நேரம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம். பயிற்சியாளரிடம் கேட்டேன், “அதெல்லாம் வேணாம்மா, ஃப்ரீஸ்டைல் போட்டா ஸ்டேட் மீட் போகலாம்” என்றார். வேளச்சேரியில் பெரிய நீச்சல் வளாகம் இருக்கிறது, சரி, திருவொற்றியூரிலிருந்து தினமும் காலை ஊரைத் தாண்டி அங்கே போய்விட்டு எந்தப் பிள்ளை எட்டரை மணிக்குப் பள்ளிக்கூடம் வரும்? பெரியமேடு மைலேடி பூங்கா குளம் மாதிரி எங்களுக்குக் கிட்டே இருக்கிற இடத்தில், சாயந்திரம் ஒரு மணி நேரம், ஒரே ஒரு லேன், இரண்டு பொம்மை, ஒரு கயிறு. இதற்குப் புதுக் குளம் கட்ட வேண்டியதில்லை.

என் அப்பா விசைப்படகில் கடலுக்குப் போனவர். அண்ணன் தம்பிகள் ஐந்து வயதிலேயே கடலில் குதித்து நீந்தினார்கள், நான் கரையில் கூடையோடு நின்றேன். இன்று வரை எனக்கு நீச்சல் தெரியாது. என் மகள் அப்படி நிற்கக் கூடாது என்றுதான் குளத்துக்கு அனுப்பினேன்.

அடுத்த உலகப் போட்டி நடக்கும்போது பெண்கள் பிரிவு முடிவுகளையாவது போடுங்கள் ஐயா. ஒரு மூலையில் நாலு வரி வந்தாலும் போதும், அதை வெட்டி எடுத்துக்கொண்டு போய் அந்தப் பயிற்சியாளரிடம் மறுபடியும் கேட்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காலடிப்பேட்டை, திருவொற்றியூர்