மூன்று வோல்ட்டை வகுத்துப் பார்

அன்பு நண்பா,

கூரியர் வந்து சேர்ந்தது. போர்டு இரண்டும் பத்திரமாக இருக்கின்றன, அம்மா கொடுத்துவிட்ட நார்த்தங்காய் ஊறுகாயும் உடையாமல் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல். இங்கே எல்லோரும் நலம். பெரியவள் பன்னிரண்டாம் வகுப்பு என்பதால் வீட்டில் டிவி ஓடுவதில்லை. ராத்திரி அவள் படிக்கிற மேஜையின் மறுபக்கம் உன் போர்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

மருந்துக் கடை ஃபிரிட்ஜ் கதவில் மாட்டிய சென்சார் மூன்று வாரத்தில் பேட்டரியைக் காலி செய்துவிடுகிறது என்றும், டேட்டாஷீட்டில் (சிப்பின் தகவல் தாளில்) போட்டிருக்கும் 1.9 மைக்ரோஆம்பியர் தூக்க கரண்ட் வெறும் விளம்பரம் என்றும் எழுதியிருந்தாய். விளம்பரம் இல்லை. நார்டிக் கம்பெனியின் என்ஆர்எஃப்52832 புளூடூத் சிப், 64 கேபி ரேம் முழுவதையும் நினைவில் வைத்துக்கொண்டு, 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் கடிகாரத்தையும் ஓட்டியபடி, 3 வோல்ட்டில் அந்த அளவைத் தரத்தான் செய்கிறது. உன் போர்டிலும் சிப் குடிப்பது அவ்வளவுதான். மிச்சத்தைக் குடிப்பதெல்லாம் சிப்பைச் சுற்றி இருப்பவை.

முதலில் ஒரு கணக்கு. சிஆர்2032 பேட்டரியில் ஏறக்குறைய 220 மில்லிஆம்பியர்-மணி இருக்கும். வருடத்துக்கு 8,760 மணி நேரம். வகுத்தால் 25 மைக்ரோஆம்பியர். ஒரு வருடம் ஓட வேண்டுமென்றால் எல்லாச் செலவும் சேர்ந்து சராசரி இதைத் தாண்டக் கூடாது. மூன்று வாரத்தில் தீர்ந்துபோகிறது என்றால் சராசரி 400-க்கு மேல் போகிறது என்று அர்த்தம்.

மல்டிமீட்டரை மைக்ரோஆம்பியர் ரேஞ்சில் வைத்தால் போர்டு ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதில் போர்டின் மேல் பழி இல்லை. அந்த ரேஞ்சில் பல மீட்டர்களுக்குள் 100 ஓம் போல ஒரு தடை தொடரில் வந்துவிடும். தூங்கும்போது அது உறைக்காது. ரேடியோவும் சிபியூவும் சேர்ந்து எட்டு, பத்து மில்லிஆம்பியர் கேட்கிற நொடியில் மீட்டரே ஒரு வோல்ட்டை விழுங்கிவிடும். கொஞ்சம் பழைய பேட்டரியாக இருந்தால் சிப்புக்குத் தேவையான 1.7 வோல்ட்கூட மிஞ்சாது. நான் நார்டிக்கின் பவர் புரொஃபைலர் கிட் 2-ஐ வைத்துப் பார்த்தேன். 200 நானோஆம்பியரிலிருந்து 1 ஆம்பியர் வரை தானே ரேஞ்ச் மாற்றிக்கொள்ளும், விநாடிக்கு ஒரு லட்சம் அளவீடு. அளக்கும் முன் இன்னொன்றும் கவனி: டீபக்கர் (பிழை தேடும் கருவி) வழியாக ஃபர்ம்வேர் (சிப்பில் ஓடும் நிரல்) ஏற்றிய பிறகு சிப் டீபக் நிலையிலேயே இருந்துவிடும், தூக்க கரண்ட் தப்பாகக் காட்டும். கேபிளைப் பிடுங்கி, பவரை எடுத்துவிட்டுத் திரும்பக் கொடுத்து அதன் பிறகு அள.

கிராஃபில் மூன்று மூன்று பல்லாக ரேடியோ தெரிகிறது. சென்சார் தன் தகவலை எல்லோருக்கும் அறிவிப்பதைப் புளூடூத்தில் விளம்பரம் என்பார்கள்; அதற்கு 37, 38, 39 என்று மூன்று விளம்பரச் சேனல்கள், சேனலுக்கு ஒரு பல். நான் பார்த்தது பற்களை இல்லை, இரண்டு கூட்டத்துக்கு நடுவே கிடக்கும் தரையை. அதுதான் தூக்க கரண்ட், 2 மைக்ரோஆம்பியரில் கிடக்க வேண்டும். உன் போர்டில் 170. சரி, கதவு மூடியிருப்பதுபோல இருக்கட்டும் என்று காந்தத்தை ரீட் ஸ்விட்ச் (காந்தத்தால் இயங்கும் ஸ்விட்ச்) பக்கத்தில் கொண்டு போனேன். 'டிக்' என்று சின்னச் சத்தம், தரை 400-க்கு ஏறிவிட்டது. காந்தத்தை எடுத்தால் 170. வைத்தால் 400.

இந்த இடத்தில்தான் எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கிறது. எண்ணே யார் என்று காட்டிக்கொடுத்துவிடும். வித்தியாசம் 230 மைக்ரோஆம்பியர். மூன்று வோல்ட்டை அதால் வகுத்தால் 13 கிலோஓம். நார்டிக் சிப்பின் பின்னுக்குள் (சிப்பின் காலுக்குள்) இருக்கும் புல்-அப் தடை, அதாவது பின்னைச் சப்ளை பக்கம் இழுத்துப் பிடிக்கும் தடை, 13 கிலோஓம்தான். காந்தம் பக்கத்தில் இருந்தால் ஸ்விட்ச் மூடிக்கொள்ளும், பின் கிரவுண்டோடு சேரும், அந்தப் புல்-அப் வழியாகக் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ஃபிரிட்ஜ் கதவு நாள் முழுக்க மூடித்தானே கிடக்கிறது! சிப் ஒழுங்காகத் தூங்குகிறது, பின்தான் திறந்த குழாய் மாதிரி ஒழுகுகிறது.

இதற்கு நல்ல தீர்வு, காந்தம் அருகில் இருக்கும்போது திறந்திருக்கும் வகை ரீட் ஸ்விட்ச். நார்மலி குளோஸ்டு என்று கேட்டு வாங்கு. கதவு திறந்திருக்கும் சில நிமிடங்கள்தான் கரண்ட் ஓடும். கிடைக்காவிட்டால் உள் புல்-அப்பை அணைத்துவிட்டு வெளியே 3.3 மெகாஓம் வை, 0.9 மைக்ரோஆம்பியரோடு முடிந்துவிடும். 10 மெகாஓம் வரை போகாதே. ஃபிரிட்ஜ் பக்கம் ஈரம் கட்டும். போர்டில் மிஞ்சிய ஃபிளக்ஸ் என்கிற சால்டர் பசையும் ஈரமும் சேர்ந்தால் அதுவே சில மெகாஓம் தடையாகி, கதவு திறந்ததா மூடியதா என்று பின்னைக் குழப்பிவிடும். சால்டர் செய்த பிறகு ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) போட்டு நன்றாகக் கழுவு. முடிந்தால் மேலே ஒரு பூச்சும் கொடு.

மிச்சம் 170. அதில் 150-க்கும் மூன்று வோல்ட்டை வகு: 20 கிலோஓம். பேட்டரி வோல்ட்டேஜ் பார்க்க நீ வைத்த 10 கே, 10 கே (கிலோஓம்) தடை ஜோடிதான் அது. இரண்டையும் கழற்றிவிடு. இந்தச் சிப்பின் ஏடிசி (வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) தன் சப்ளையைத் தானே உள்ளுக்குள் அளந்துகொள்ளும், வெளியே எதுவும் வேண்டாம். ரேடியோ அனுப்பி முடித்த கையோடு அளக்கச் சொல். லித்தியம் செல் சும்மா இருக்கும்போது கடைசி வரை நல்ல பிள்ளையாகவே வோல்ட்டேஜ் காட்டும், சுமை விழும்போதுதான் அதன் உண்மையான நிலை தெரியும். குளிரில் உள்தடை கூடிவிடுவதால் உன் இடத்துக்கு இது ரொம்ப முக்கியம்.

அப்புறம் அந்த எஸ்பிஐ ஃபிளாஷ், அதாவது தனி நினைவகச் சிப். தொடாமல் விட்டால் அது ஸ்டேண்ட்பையில் காத்துக்கொண்டிருக்கும், அந்தக் காத்திருப்புக்கே பத்து, பதினைந்து மைக்ரோ போய்விடும். எழுதி முடித்ததும் பி9 கமாண்டை அனுப்பினால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய்விடும், எழுப்ப ஏபி. யூஆர்டி லாகை (சீரியல் கம்பியில் போகும் சோதனைச் செய்திகளை) ரிலீஸ் ஃபர்ம்வேரில் நீயே அணைத்திருக்கிறாய், நல்லது. ரிசீவர் பக்கம் திறந்திருந்தால் அதிவேகக் கடிகாரம் அணையவே அணையாது, கரண்ட் மில்லிஆம்பியர் கணக்குக்குப் போய்விடும். வெப்பநிலையை ஃபுளோட்டில் (தசம எண்ணில்) கணக்கிடும் எண்ணம் இருந்தால் வேண்டாம், நூறில் ஒரு பங்கு டிகிரியாக முழு எண்ணிலேயே வைத்துக்கொள். 52832-இன் எர்ராட்டா (சிப்பின் பிழைப் பட்டியல்) 87 இதைப் பற்றியதுதான்: தசமக் கணக்குப் போடும் எஃப்பியூ விட்டுச்செல்லும் ஒரு கொடி சிபியூவைத் தூங்கவிடாது.

தரை சரியான பிறகுதான் ரேடியோவைத் தொட வேண்டும். 31 பைட் தகவல் வைத்த ஒரு விளம்பரப் பாக்கெட் மொத்தம் 47 பைட், காற்றில் 376 மைக்ரோவிநாடி. மூன்று சேனலுக்கும் சேர்த்து 1.13 மில்லிவிநாடி. டிசி-டிசி (சிப்புக்குள் வோல்ட்டேஜைச் சிக்கனமாக இறக்கும் பகுதி) ஓடினால் 0 டிபிஎம் (ஒரு மில்லிவாட்) சக்தியில் 5.3 மில்லிஆம்பியர், ஆக ஒரு தடவைக்கு 6 மைக்ரோகூலும். நீ 100 மில்லிவிநாடிக்கு ஒரு தடவை அனுப்புகிறாய், டிசி-டிசி ஓடினாலே அது சராசரியில் 60 மைக்ரோஆம்பியர். இரண்டு விநாடிக்கு ஒன்றாக்கினால் 3. கிரிஸ்டல் எழுவது, சிபியூ வேலை எல்லாம் சேர்த்து 5 என்றே வைத்துக்கொள்வோம். கதவு திறந்ததும் சில விநாடிகள் மட்டும் அடிக்கடி அனுப்பட்டும். கேட்பது சுவரில் செருகிய கேட்வே (தகவலை வாங்கும் பெட்டி) தானே? இணைப்பு ஏற்காத வகை விளம்பரமே போதும், அனுப்பிவிட்டுக் காது கொடுக்கும் செலவும் மிச்சம். இன்னொன்று, போர்டில் 10 மைக்ரோஹென்றி காயிலை வைத்திருக்கிறாய், ஆனால் ஃபர்ம்வேரில் டிசி-டிசியை இயக்கவே இல்லை. ஒரே ஒரு ரெஜிஸ்டரில் (சிப்பின் அமைப்பு இடத்தில்) எழுதினால் போதும். அது இல்லாமல் ரேடியோ கிட்டத்தட்ட இரட்டிப்பாகக் குடிக்கிறது.

சிஸ்டம் ஆஃப் என்கிற முழுத் தூக்கத்துக்குப் போகலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். 0.3 மைக்ரோஆம்பியர் என்று பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இந்தச் சிப் அந்த நிலையிலிருந்து கடிகாரத்தால் எழாது, பின் அசைந்தால்தான் எழும். கதவு அசையாத வரை சென்சார் பேசாது. செத்துப்போன சென்சாரும் அதே மாதிரிதான் பேசாமல் இருக்கும். அந்த ஃபிரிட்ஜில் 2-க்கும் 8 டிகிரிக்கும் நடுவே இருக்க வேண்டிய இன்சுலின் இருக்கிறது. 'உயிரோடு இருக்கிறேன்' என்று அது சொல்லிக்கொண்டே இருக்கட்டும். ஒன்றரை மைக்ரோஆம்பியரை மிச்சம் பிடிக்கப் போய் அந்தக் குரலை இழக்காதே.

இதையெல்லாம் செய்தால் சராசரி 8-க்குள் அடங்கும். காகிதத்தில் மூன்று வருடம் வரும். குளிரையும் பேட்டரித் தரத்தையும் நினைத்து, கடைக்காரர்களிடம் இரண்டு என்றே சொல். பேட்டரியைத் தெரிந்த கடையில் சீல் உடையாத அட்டையாக வாங்கு. இரண்டு போர்டில் ஒன்றை நானே மாற்றி அனுப்புகிறேன், மற்றதைப் பழையபடியே விட்டுவிடுகிறேன், உன் பையன்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்கட்டும். புரொஃபைலரையும் அதே பெட்டியில் வைக்கிறேன், வேலை முடியும் வரை உன்னிடமே இருக்கட்டும். அடுத்த பேட்ச் பிசிபிக்கு ஆர்டர் போடும் முன் ஸ்கீமாட்டிக்கை (சுற்று வரைபடத்தை) எனக்கு ஒரு தடவை அனுப்பு. புதிய ரீட் ஸ்விட்சின் பார்ட் நம்பரையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்