மூணு சப்பாத்தில எவ்ளோ உப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்க அம்மாவுக்கு பிபி, சுகர் ரெண்டும் இருக்கு. டாக்டர் சொன்னதுலேர்ந்து ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாத்தையும் விட்டுட்டாங்க, ராத்திரிக்கு சோறும் கிடையாது, கடைல விக்கிற பாதி வெந்த சப்பாத்தி பாக்கெட்ல மூணு எடுத்து தோசைக்கல்லுல சுட்டு சாப்பிடுவாங்க. போன வாரம் சும்மா அந்த கவரை திருப்பி பாத்தேன். எழுத்து கடுகு சைஸ்ல இருக்கு, அதுவும் ஒட்டின மடிப்புக்குள்ள பாதி போயிருச்சு, மேல தேதி முத்திரை வேற குத்தி வச்சிருக்காங்க. போன் கேமராவுல ஜூம் பண்ணி தான் படிச்சேன்.

முன்னாடி பெருசா கோதுமைக் கதிர் படம். பின்னாடி சேர்மானத்துல முதல் பேரே ரீஃபைண்ட் வீட் ஃப்ளோர், அதாவது நம்ம மைதா. எது எடைல ஜாஸ்தியோ அதைத்தான் முதல்ல போடணும்ங்கறது ரூல், அப்போ கோதுமை மாவு ரெண்டாவது தான். பூஞ்சை பிடிக்காம இருக்க 282ன்னு ஒரு நம்பர் இருந்துச்சு, அது கால்சியம் ப்ரொப்பியனேட், பிரெட்ல போடறது தான், அனுமதி உள்ளது, அதைப் பத்தி எனக்கு புகார் இல்ல (வாட்ஸ்அப்ல தான் அதை விஷம்னு சுத்த விடறாங்க).

என் புகார் உப்பு பத்தி. உப்புன்னு போடாம சோடியம்னு போட்டிருக்கு, 100 கிராமுக்கு 520 மில்லிகிராம். ஒரு சப்பாத்தி 40 கிராம், மூணுன்னா 120 கிராம், கணக்கு போட்டா 624 மில்லிகிராம் வருது. ஒரு நாளைக்கே சோடியம் 2000 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அது கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன் உப்புல இருக்கற சோடியம் தான். குழம்பு, பொரியல் எதுவும் தொடாமலே கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு முடிஞ்சுது. அம்மாகிட்ட சொன்னா, "சப்பாத்தில என்னடா உப்பு, அது சப்புன்னு தான இருக்கு"ன்னு சிரிக்கறாங்க.

அவங்களை குத்தம் சொல்லி என்ன பண்றது, தமிழ் பேப்பரை ஒரு வரி விடாம படிக்கற மனுஷி, ஆனா கவர்ல இருக்கறது பூரா இங்கிலீஷ். சட்டப்படி இங்கிலீஷ் இல்லன்னா ஹிந்தி இருந்தா போதும், மத்த மொழி கம்பெனிக்காரங்க விருப்பம். விளம்பரம் மட்டும் நல்ல தமிழ்ல வருது!

2025 செப்டம்பர் 22லேர்ந்து பாக்கெட் சப்பாத்திக்கு இருந்த 5 சதவீதம், பரோட்டாவுக்கு இருந்த 18 சதவீதம் ஜிஎஸ்டி ரெண்டையும் எடுத்துட்டாங்க, சந்தோஷம், வேலைக்கு போற வீடுகள்ல இனி இன்னும் ஜாஸ்தியா தான் வாங்குவாங்க. சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு மூணையும் பெரிய தடிமனான எழுத்துல போடற யோசனைக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 2024 ஜூலைலயே ஒப்புதல் கொடுத்துச்சு. எழுத்து பெருசானா மட்டும் பத்தாதுங்க, தமிழ்நாட்டுல விக்கற பாக்கெட்ல தமிழ்லயும் போடணும், 100 கிராம் கணக்கோட நிறுத்தாம ஒரு சப்பாத்திக்கு எவ்ளோ உப்புன்னு முன்பக்கமே போடணும். யாரும் தராசு வச்சு சப்பாத்தி சாப்பிடறதில்ல.

அம்மா இப்போ மூணை ரெண்டாக்கிட்டாங்க. தொட்டுக்க மட்டும் தக்காளி தொக்கு கேக்கறாங்க, அதுல எவ்ளோ உப்புன்னு இன்னும் பாக்கல.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி